புகை வந்தா உடனே போர் போடணுமா? பழைய புல்லட் 350, ஹெட்டு பிளாக்கு வேலை, சேலம்

அம்மாபேட்டை தம்பி கேட்டது:
"அண்ணா, எங்கப்பாவோட புல்லட் 350, எழுபதுகள்ல வாங்கினது, இரும்பு பிளாக். ஏற்காடு போயிட்டு இறங்கறப்ப பின்னாடி வந்த ஃப்ரெண்டு நீலமா புகை தள்ளுதுடான்னான். மெக்கானிக் வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஒரு பார்வை பார்த்துட்டு பிஸ்டன் போச்சு, இருபது தவ் போர் போட்டுடலாம்ங்கறார். புகை வந்தாலே போர் தானே வழி? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

மார்ச் 9

இல்ல தம்பி. மத்தவங்களுக்கும் சேத்து சொல்லிடறேன்: போர்ங்கறது பிளாக்குக்குள்ள (சிலிண்டர்) பிஸ்டன் ஓடற ஓட்டை, போர் போடறதுன்னா அத சீவி பெரிசாக்கி பெரிய பிஸ்டன் போடறது, தவ்ங்கறது இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு. புகை வருதாங்கறத விட எப்ப வருதுங்கறது தான் முதல் கேள்வி, அதுக்கு பாதி பதில நீங்களே எழுதிட்டீங்க: இறங்கறப்ப.

நம்ம ஏற்காடு ரோடு இதுக்குன்னே போட்ட மாதிரி ரோடு. அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, ஏறறப்ப த்ராட்டில் திறந்தே இருக்கும், இன்ஜின் முழு லோடுல இழுக்கும். இறங்கறப்ப த்ராட்டில் மூடி, ரெண்டாவது மூணாவது கியர்ல இன்ஜினே வண்டிய பிடிச்சு வெச்சிருக்கும். த்ராட்டில் மூடியிருக்கு, பிஸ்டன் மட்டும் கீழ மேல போயிட்டே இருக்கு, அப்ப இன்லெட் பக்கம் பலமான உறிஞ்சல் உண்டாகும், இன்லெட் வால்வு கைடு (வால்வு தண்டு ஏறி இறங்கற குழல்) தேஞ்சிருந்தா மேல ராக்கர் (வால்வ அமுக்கற நெம்பு) பக்கம் இருக்கற ஆயில் அந்த இடுக்கு வழியா உள்ள இறங்கிடும். பழைய இரும்பு பிளாக் புல்லட்ல வால்வு தண்டுக்கு ரப்பர் சீல் கிடையாது, கைடோட டைட் தான் ஒரே காவல். வளைவு தாண்டி மறுபடி த்ராட்டில் கொடுத்ததும் சேர்ந்த ஆயில் மொத்தமா எரிஞ்சு பொசுக்குனு ஒரு நீலப்புகை, அப்புறம் நின்னுடும்.

ரிங்கு (பிஸ்டன சுத்தி இருக்கற வளையம்) தேஞ்ச வண்டி வேற மாதிரி. ஏறறப்பவே விடாம புகையும், பிரீதர் பைப்புல (இன்ஜின் உள்காத்து வெளிய போற குழாய்) புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தும் ஆயிலும் தள்ளும், கிக்கர் மிதிச்சா கால்ல எதிர்ப்பே தெரியாது.

உங்க ஃப்ரெண்டு ஏறறப்பவும் பின்னாடி தானே வந்தார்? அப்ப புகை இருந்துச்சான்னு கேட்டு எழுதுங்க. அது தெரியற வரைக்கும் பிளாக்க யார் கையிலயும் கொடுக்காதீங்க.

மார்ச் 9, ராத்திரி

இன்னொரு வகை விட்டுப்போச்சு. காலைல முதல் ஸ்டார்ட்ல மட்டும் தெருவே மறையற அளவுக்கு புகை, ரெண்டு நிமிஷத்துல சுத்தமா நின்னுடும். இது ரிங்கும் இல்ல கைடும் இல்ல. புல்லட்ல ஆயில் டேங்க் கிரான்க்கேஸோட (இன்ஜினோட அடிப்பெட்டி) சேர்ந்தே இருக்கு, வண்டி நாள் கணக்கா நின்னா டேங்க் ஆயில் மெதுவா பம்ப் வழியா கிரான்க் பக்கம் இறங்கிடும். ராத்திரி ஓட்டிட்டு வந்து டிப்ஸ்டிக் பாருங்க, நாலு நாள் கழிச்சு ஸ்டார்ட் பண்ணாம மறுபடி பாருங்க. அளவு இறங்கியிருந்தா அது தான். தெரியாம அப்ப மேல ஆயில் ஊத்தினா அதிகமாகி அதுவே புகையா வரும். ஆயில் எப்பவும் ஓட்டி நிறுத்தின பிறகு பாருங்க.

மார்ச் 11

நிறைய பேர் என்ன இவ்வளவு அழுத்தமா சொல்றேன்னு கேக்கறீங்க. காரணம் எங்க மாமா வண்டி. இதே மாதிரி இறங்கறப்ப புகை, ஒரு பட்டறைல போர் போட்டாங்க. புகை நிக்கல. போர் சரியில்லன்னு சொல்லி அடுத்த சைஸுக்கு போனாங்க, அப்பவும் நிக்கல. வண்டி என் கைக்கு வந்தப்ப நாப்பது தவ் பிஸ்டன் உள்ள இருந்துச்சு, இன்லெட் வால்வு கைடுல லொட லொடன்னு ஆடுச்சு. கம்பெனில இருந்து வந்த இரும்பு, அளவு கருவி ஒண்ணு கூட உள்ள போகாமலே ரெண்டு தடவை சீவி எடுத்தாச்சு. அந்த பிளாக்க பாக்கறப்ப எல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சீவின இரும்பு திரும்ப வராது. 70 மில்லி போர்ல ஆரம்பிச்சு இருபது தவ்னா அரை மில்லி, நாப்பதுன்னா ஒரு மில்லி, அதுக்கப்புறம் லைனர் (உள்ள புதுசா இறக்கற இரும்புக் குழல்). படி ரொம்ப கம்மி. 1955ல மெட்ராஸ்ல என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சதுல இருந்து இந்த 70க்கு 90 அளவு (போர் 70 மில்லி, பிஸ்டன் ஓட்டம் 90 மில்லி) ஓடிட்டு தான் இருந்துச்சு, அதனால பிஸ்டன் ரிங்கு இன்னும் கிடைக்குது. ஆனா உங்க வண்டியோடவே வந்த பிளாக் ஒண்ணே ஒண்ணு தான்.

மார்ச் 12

தம்பி பதில் போட்டிருக்கார்: ஏறறப்ப புகை இல்லையாம். இறங்கறப்ப வளைவுக்கு வளைவு பொசுக் பொசுக்குனு வந்துச்சாம்.

சரி, இப்ப பிரிக்காம ஒரு டெஸ்ட். இன்ஜின் சூடா இருக்கறப்ப பிளக் கழட்டி கம்ப்ரஷன் கேஜ் வெச்சு, த்ராட்டில் முழுசா திறந்து கிக் பண்ணி படிச்சுக்கோங்க. அப்புறம் பிளக் ஓட்டைல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி. ரெண்டாவது தடவை நல்லா ஏறினா ரிங்கு வழியா தான் காத்து போகுது, ஆயில் அந்த இடுக்க தற்காலிகமா அடைச்சிருக்கு. ஏறலன்னா வால்வு சீட் (வால்வு உக்காந்து மூடற வளையம்) பக்கம் பாருங்க. எண் எவ்வளவுங்கறத விட ரெண்டுக்கும் வித்தியாசம் முக்கியம். டெஸ்ட்டுக்கு முன்னாடி டீகம்ப்ரஸர் வால்வு (கிக் சுலபமாக கம்ப்ரஷன வெளிய விடற வால்வு) சரியா மூடுதா, கேபிள்ல கொஞ்சம் லூஸ் இருக்கான்னு பாத்துடுங்க, அது லேசா கசிஞ்சா மொத்த டெஸ்ட்டும் பொய் சொல்லும். டாப்பெட்டும் (வால்வ தள்ற கம்பியோட இடைவெளி) இறுக்கமா இருக்கக்கூடாது.

மார்ச் 14

ஓமலூர் பக்கத்து அண்ணன் ஒருத்தர் எழுதியிருக்கார், சேலத்துல மாக்னசைட் சுரங்கத் தூசி தான் எல்லா வண்டி போரையும் திங்குதுன்னு. வெள்ளையா படியறதால அது மேல பழி விழுது, ஆனா மாக்னசைட் மென்மையான கல்லுங்க, மோஸ்ங்கற கடினத்தன்மை அளவுல 4 பக்கம். ரோட்டு மண்ல கலந்திருக்கற குவார்ட்ஸ் 7. போர அறுக்கறது அது தான். எந்த தூசியா இருந்தாலும் வழி ஒண்ணு தான், ஏர் ஃபில்டரும் கார்புரேட்டருக்கு போற ரப்பர் ஹோஸும். அந்த ஹோஸ்ல வெடிப்பு விட்ட வண்டிகள் தான் எண்பது சதவீதம்னு வாயால சொல்லலாம், எண்ணிப் பாக்கல, ஆனா கழட்டறப்ப எல்லாம் கண்ணுல படுது.

மார்ச் 22

தம்பி வண்டிய எங்க வீட்டுக்கே கொண்டு வந்துட்டார், அவங்கப்பாவும் கூட வந்தார், ஸ்டூல் போட்டு உக்காந்து கடைசி வரைக்கும் பாத்தார். ஸ்பூன் ஆயில் விட்டு பாத்ததுல கம்ப்ரஷன் கொஞ்சம் தான் ஏறுச்சு. ஹெட் எடுத்தாச்சு.

எடுக்கறப்ப கவனிச்சது. ராக்கருக்கு போற ஆயில் பைப், பாஞ்சோ போல்ட், செம்பு வாஷர் தனி டப்பால. புஷ் ராடு (ராக்கர தள்ளற கம்பி) ரெண்டுலயும் எது இன்லெட் எது எக்ஸாஸ்ட்னு பேப்பர் டேப் ஒட்டி எழுதிடணும், இத்தனை வருஷம் ஒண்ணோட ஒண்ணு பழகின இடம், மாத்தி போடக்கூடாது. ஹெட் நட்டு இன்ஜின் முழுசா ஆறின பிறகு தான், குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா. ஹெட் அலுமினியம், சூட்டுல கழட்டினா வளைஞ்சுடும்.

ஹெட்ட கவுத்து வெச்சு போர்ட்டுக்குள்ள மண்ணெண்ணெய் விட்டோம். இன்லெட் கொஞ்ச நேரம் நின்னு அப்புறம் வேர்த்துச்சு, எக்ஸாஸ்ட் உடனே ஒழுகுச்சு. வால்வு ஸ்ப்ரிங் எடுத்துட்டு வால்வ சீட்டுல இருந்து கொஞ்சம் தூக்கி ஆட்டினா இன்லெட் கண்ணுக்கே தெரியற ஆட்டம். இன்லெட் போர்ட் சுவர்லயும் வால்வு முதுகுலயும் கருப்பா கெட்டியா பாறை மாதிரி கார்பன். ஆயில் அந்த வழியா தான் இறங்கியிருக்குன்னு அதுவே சொல்லிடுச்சு. பிஸ்டன் தலை ஓரம் ஆயில்ல கழுவி பளபளன்னு இருந்தா ரிங்கு மேல சந்தேகப்படலாம், இதுல ஓரம் வரைக்கும் காஞ்ச கரி தான்.

அப்பா ஒண்ணே ஒண்ணு தான் கேட்டார், "அப்ப பிளாக்க தொட வேணாமா?" அளந்து பாத்துட்டு சொல்றேன்ங்கய்யான்னேன்.

மார்ச் 23

போர் டயல் (போர் விட்டத்த அளக்கற கருவி) இல்லாதவங்களுக்கு. புது ஸ்டாண்டர்ட் ரிங்கு ஒண்ணும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடுகள்) இருந்தா போதும், வீட்லயே பிளாக் தேய்மானம் பாக்கலாம்.

பிளாக்கோட அடில ரிங்கு போகாத இடம் கொஞ்சம் இருக்கும், அது தேயாது. ரிங்க அங்க வெச்சு பிஸ்டன் தலையால நேரா தள்ளி, ரிங்கோட ரெண்டு முனைக்கு நடுவுல இருக்கற வாய் இடைவெளிய ஃபீலர்ல பாருங்க. அப்புறம் மேல, ஓரத்துல தட்டற வரம்புக்கு கொஞ்சம் கீழ, அங்க தான் தேய்மானம் அதிகம், அதே ரிங்க வெச்சு மறுபடி பாருங்க. விட்டம் கூடினா சுத்தளவு 3.14 மடங்கு கூடும், அந்த கூடுதல் மொத்தமும் ரிங்கு வாய்ல தெரியும். வித்தியாசத்த 3.14ஆல வகுத்தா தேய்மானம்.

தம்பி பிளாக்ல அடில 0.30, மேல 0.62. வித்தியாசம் 0.32, வகுத்தா 0.10 மில்லி, நாலு தவ். எங்க லேத்காரர் எட்டு தவ் தாண்டினா தான் போர் பத்தி பேசுவார். பாதி தான் ஆகியிருக்கு. இத்தனை வருஷம் ஓடின வண்டிக்கு அருமையான பிளாக் அது.

மார்ச் 24

ரிங்கு கணக்கோட இன்னொண்ணும் சேத்து படிங்க. ரிங்கு சுத்தளவ தான் சொல்லும், போர் முட்டை வடிவமா தேஞ்சிருந்தா சொல்லாது. பிஸ்டன் பக்கவாட்டுல அழுத்தற திசைல, அதாவது வண்டிக்கு முன் பின்னா, தேய்மானம் ஜாஸ்தி இருக்கும், கஜன் பின் (பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் சேக்கற பின்) திசைல கம்மி. ரிங்கு கணக்குல கிடைக்கறது ரெண்டுக்கும் நடுவுல ஒரு சராசரி. அதனால நாலு தவ்னு வந்தா நிம்மதியா இருக்கலாம், ஏழுன்னு வந்தா கட்டாயம் போர் டயல் போட்டே ஆகணும்.

செவ்வாய்பேட்டை லேத்ல டயல் போட்டு பாத்தாச்சு. மேல முன் பின் 0.13, பக்கவாட்டு 0.07. ரெண்டும் கூட்டி ரெண்டால வகுத்தா 0.10, வீட்ல வந்த அதே எண். மனசுக்கு அவ்வளவு சந்தோஷம்.

முடிவு: போர் வேணாம். இன்லெட், எக்ஸாஸ்ட் ரெண்டுக்கும் புது கைடு, வால்வு, சீட் வெட்டு. பிளாக்குக்கு ஹோனிங் (போர் சுவர்ல கல்லால மெல்லிசா குறுக்குக் கோடு போடறது), புது ஸ்டாண்டர்ட் ரிங்கு செட்.

மார்ச் 25

"பிரிச்சதே பிரிச்சாச்சு, கூலி ஒண்ணு தான், போரும் போட்டுடலாமே" இந்த கேள்விய மூணு பேர் தனித்தனியா கேட்டிருக்கீங்க. கூலிய பாக்காதீங்க, இரும்ப பாருங்க. இன்னைக்கு தேவையில்லாம எடுக்கற அரை மில்லி, நாளைக்கு நிஜமாவே பிஸ்டன் பிடிச்சு போர்ல கோடு விழற அன்னைக்கு உங்களுக்கு இருக்காது. ஒரு போர்ல இந்த வண்டி ஒரு ஆளோட பாதி ஆயுசுக்கு ஓடும். அடுத்த தலைமுறைக்கு மிச்சம் வைக்கற விஷயம் இது.

ஆனா பழைய பிஸ்டன்ல புது ரிங்கு போடறவங்க ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு, பிஸ்டன் காடில புது ரிங்க வெச்சு பக்கத்துல ஃபீலர் விட்டுப் பாருங்க, தாராளமா ஆடுச்சுன்னா பிஸ்டன் மாத்தணும், இல்லன்னா ரிங்கு மேல கீழ அடிச்சு ஆயில மேல தள்ளும். இன்னொண்ணு, போர் மேல் ஓரத்துல ரிங்கு தொடாத இடம் ஒரு வரம்பா நிக்கும். பழைய ரிங்கு அந்த வரம்புக்கு தக்க தேஞ்சு உருண்டிருக்கும், புதுசு கூர் முனையோட வந்து அதுல இடிக்கும், உடையும். அந்த வரம்ப எடுத்துட்டு தான் ஹோனிங்.

மார்ச் 30

கைடு வேலை. பழசு அடிச்சு எடுக்கறதுக்கு முன்னாடி ஹெட்ட முழுசா சமமா சூடு பண்ணணும். அலுமினியம் இரும்ப விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், சூடானா கைடு பிடி தானா தளரும். பச்சையா சுத்தியல்ல அடிச்சா ஓட்டைல கோடு விழுந்து, அடுத்த கைடு நிக்காது. ஒரே இடத்துல டார்ச் அடிக்கறதும் வேணாம். புதுசு இறக்கின பிறகு வால்வுக்கு தக்க ரீமர் (ஓட்டைய அளவா அறுக்கற கருவி) விட்டு, அதுக்கப்புறம் தான் சீட் வெட்டு. இந்த வரிசை மாறவே கூடாது, ஏன்னா சீட் கட்டர் கைடு ஓட்டைய பிடிச்சு தான் சுத்துது, கைடு மாறினா மையம் மாறிடும். 45 டிகிரி வெட்டிட்டு லேசா பேஸ்ட் போட்டு தேய்ச்சா சாம்பல் நிறத்துல மெல்லிசா முழு வட்டம் விழணும். வட்டம் அறுந்திருந்தா எவ்வளவு தேய்ச்சாலும் பிரயோஜனம் இல்ல, மறுபடி கட்டர் தான்.

சீட் பத்தி ஒருத்தர் லெட் (ஈயம்) இல்லாத பெட்ரோல் பிரச்சனையான்னு கேட்டார். 2000 பிப்ரவரில இருந்து நாடு முழுக்க லெட் இல்லாத பெட்ரோல் தான். அதிக ஆர்.பி.எம்ல விரட்டாத புல்லட்டுக்கு பெரிய பயம் வேணாம்ங்கறது என் அனுபவம். எக்ஸாஸ்ட் டாப்பெட் இடைவெளி மாசத்துக்கு மாசம் தானா இறுகுதுன்னா தான் வால்வு சீட்டுக்குள்ள புதையுதுன்னு அர்த்தம், அத மட்டும் கவனிங்க.

ஏப்ரல் 5

ஆத்தூர் அண்ணன் வண்டி வேற கதை, டயல்ல 0.28 காட்டுதாம், நடுவுல ஆழமா கோடும் இருக்காம். அது போர் தான், தயங்காதீங்கண்ணா. ஆனா பிஸ்டன முதல்ல வாங்கி லேத்காரர் கைல கொடுங்க, அப்புறம் போர். டப்பால இருபதுன்னு எழுதியிருந்தாலும் பிஸ்டன் ஒவ்வொண்ணும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அந்த பிஸ்டன அளந்து, தயாரிப்பாளர் சொல்ற இடைவெளிய கூட்டி தான் போர் அளவு முடிவாகணும்.

இடைவெளி எதுக்குன்னா, 70 மில்லி பிஸ்டன் நூறு டிகிரி சூடானா அலுமினியம் கிட்டத்தட்ட 0.14 மில்லி விரியும். இரும்பு பிளாக் அதே சூட்டுல 0.08 பக்கம் தான். 0.06 வித்தியாசம், அதுவும் பிஸ்டன் எப்பவும் பிளாக்க விட சூடு. "நல்லா டைட்டா போட்டு கொடுங்க"ன்னு லேத்ல கேக்கறவங்க இத நினைச்சுப் பாக்கணும், அக்னி நட்சத்திரத்துல ஏற்காடு ஏறினா அந்த டைட்டு பத்தாவது வளைவு தாண்டறதுக்குள்ள பிடிச்சுக்கும்.

ரிங்கு வாய் இடைவெளி 70 மில்லிக்கு 0.30 பக்கம் வைங்க. கம்மியா இருந்தா அரம் வெச்சு ஒரு முனைய மட்டும் நேரா தேய்ங்க.

ஏப்ரல் 12

பூட்டின நாள். ஹோனிங் முடிஞ்ச பிளாக்க பெட்ரோல்ல கழுவிட்டு சுத்தம்னு நினைக்காதீங்க. ஹோனிங் கல்லோட பொடி அந்த குறுக்குக் கோட்டுக்குள்ள உக்காந்திருக்கும், பெட்ரோல் அத கிளப்பாது. சுடு தண்ணி, சோப்பு, பிரஷ். காய்ஞ்சதும் பழைய வெள்ளை வேட்டித் துணில ஆயில் தொட்டு துடைச்சா துணி வெள்ளையாவே வரணும், சாம்பல் வந்தா மறுபடி கழுவுங்க. இந்த ஒரு வேலைல மட்டும் பொறுமை வேணும், மத்தது எல்லாம் தானா நடக்கும்.

கிரான்க்கேஸ் வாய்ல துணி அடைச்சுட்டு தான் கஜன் பின் சர்க்ளிப். சர்க்ளிப் (பின் வெளிய வராம பிடிக்கற கிளிப்) எப்பவும் புதுசு. பிஸ்டன சுடு தண்ணில போட்டு எடுத்தா பின் விரல்லயே உள்ள போகும், சுத்தியல் எடுத்தா கனெக்டிங் ராடுக்கு தான் வலி. ரிங்கு வாய்ங்க ஒரே நேர்கோட்டுல வராம சுத்தி பிரிச்சு வைங்க. செம்பு வாஷர்கள சிவக்க காய்ச்சி தண்ணில போட்டா மறுபடி மெதுவாகும், புதுசு மாதிரியே அடைக்கும்.

டாப்பெட் கம்ப்ரஷன் டாப்ல வெச்சு, இன்ஜின் ஆறினப்ப, புஷ் ராடு விரல்ல தடையில்லாம சுத்தணும், மேல கீழ ஆட்டம் இருக்கக்கூடாது. முதல் சூடு ஏறி முழுசா ஆறின பிறகு ஹெட் நட்டு மறுபடி, டாப்பெட் மறுபடி.

அப்பா தான் முதல் கிக் போட்டார். ரெண்டாவது கிக்குல பிடிச்சுது, அவர் சைலன்சர் பக்கம் போய் குனிஞ்சு பாத்துட்டே நின்னார்.

ஏப்ரல் 20

ரன்னிங் இன், அதாவது புது ரிங்கு போருக்கு பழகற வரைக்கும் ஓட்டற முறை. நாப்பது கிலோமீட்டர் வேகம் தாண்டாம ஆயிரம் கிலோமீட்டர்னு பெரியவங்க சொல்வாங்க, நானும் ரொம்ப நாள் அப்படியே இருந்தேன். இப்ப கொஞ்சம் மாறிட்டேன். ஒரே வேகத்துல மெதுவா உருட்டினா ரிங்க போரோட அழுத்தறதுக்கு கேஸ் பிரஷர் போதாது, ஹோனிங் கோடு மழுங்கி கண்ணாடி ஆயிடும். ஆத்தூர் ரோட்டுல கொஞ்சம் திற, மூடு, திற, மூடு, நடுவுல நிறுத்தி ஆற விடுங்க. ஹை கியர்ல திணற விடறது மட்டும் கூடவே கூடாது. மலை ஏத்தம் முதல் ஆயில் மாத்தின பிறகு. 20W50 போதும்.

ஏப்ரல் 27

ஏற்காட்டுல மேல போனா வண்டி மந்தம், பிளக் கருப்பு, சேலம் வந்தா சரியாகுது, இதுவும் ரிங்கான்னு ஒரு எஸ்டேட் தம்பி கேட்டிருந்தார். இல்லப்பா. ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல, சேலம் முந்நூறுக்கும் கீழ. மேல காத்து பத்து சதவீதத்துக்கு மேல மெலிசு, கார்புரேட்டர் ஜெட் விடற பெட்ரோல் அதே அளவு, அதனால கலவை ரிச் (பெட்ரோல் ஜாஸ்தி). கருப்பு கரி உலர்ந்து மாவா இருந்தா அது பெட்ரோல், ஈரமா பிசுபிசுன்னு இருந்தா ஆயில். விரல்ல தேய்ச்சு பாருங்க. மேலயே குடியிருக்கற வண்டிக்கு கார்புரேட்டர் ஊசி கிளிப்ப ஒரு காடி மாத்தி வைக்கலாம். சேலத்துல ஓடற வண்டிக்கு அப்படி செய்யாதீங்க, இப்ப வர்ற இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் ஏற்கனவே கலவைய லீன் (பெட்ரோல் கம்மி) பக்கம் தள்ளுது, வெயில்ல பிஸ்டன் சூடாயிடும்.

மே 18

தம்பி வண்டி ஏறிட்டு இறங்கியாச்சு. நான் பின்னாடியே போனேன், வளைவுக்கு வளைவு சைலன்சர மட்டும் பாத்துட்டே. புகை இல்ல. கோடை விழா கூட்டத்துல மேல முதல் கியர்ல ஊர்ந்தப்ப நல்லா சூடாச்சு, நிறுத்தி ஆற விட்டு டீ குடிச்சுட்டு கிளம்பினோம், இறங்கறப்பவும் சுத்தம். ராக்கர் மூடி பக்கம் லேசா ஈரம், அது பழைய கேஸ்கட், மாத்தணும்.

ஆத்தூர் அண்ணா, உங்க பிஸ்டன் வந்துடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. ஸ்கர்ட் (பிஸ்டனோட கீழ்ப் பக்கம்) அடில, கஜன் பின்னுக்கு குறுக்கு திசைல மைக்ரோமீட்டர் வெச்சு என்ன வருதுன்னு எழுதுங்க, போர் அளவு சேந்து போட்டுப் பாக்கலாம். லேத்துக்கு அதுக்கப்புறம் போங்க.